துரைமார் விட்டுச்சென்ற கயிறுகள்

புதுக்கோட்டை என்றவுடன் தொண்டைமான் மகாராஜாவையும் அவருடைய சமஸ்தானத்தையும் நினைத்துக்கொள்ளும் அன்பர்களுக்கு முதற்கண் ஒரு விண்ணப்பம்: அடியேன் வசிப்பது, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையின்மேல், உப்புக்காற்று எட்டும் தூரத்தில், அரண்மனையோ அகழியோ ஏதுமின்றி அமைந்திருக்கும் மற்றொரு புதுக்கோட்டை. பெயர் ஒன்று, பொருள் வேறு என்கிற இந்த விபரீதத்தினால் எனக்கு வரவேண்டிய கடிதங்களில் சில, சமஸ்தானத்தைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்த பிறகே என்னிடம் வந்து சேரும். ஆகையால், முகத்தில் இரட்டைப் பிள்ளைகளாகவும் குணத்தில் பங்காளிகளாகவும் விளங்கும் ஆங்கில மரபுத்தொடர்களிடம் எனக்கு இயல்பாகவே ஒரு பரிவு உண்டு.

அந்தப் பரிவை வளர்த்தது, தூத்துக்குடியில் கப்பல் ஏஜண்டு ஆபீஸ் ஒன்றில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக நான் காலந்தள்ளிய உத்தியோகம். பாக்கி வைத்திருக்கும் வியாபாரியின் நிலைமையைத் துரைக்கு ஒரே வரியில் எழுதித் தெரிவிக்க வேண்டும். அவர் 'இன் ஹாட் வாட்டர்' என்றால், தாமே செய்த ஏதோ காரியத்தினால் மேலிடத்தின் கோபத்துக்கு ஆளாகியிருக்கிறார். 'இன் டீப் வாட்டர்' என்றால், சக்திக்கு மீறிய சங்கடத்தில் இறங்கிவிட்டார். 'அவுட் ஆஃப் ஹிஸ் டெப்த்' என்றால், தொழிலே அவருக்குப் பிடிபடவில்லை. தலையை நீருக்கு மேலே வைத்திருக்கிறார் என்றால், கடனோடு கடனாக எப்படியோ மூச்சுவிடுகிறார். நீரின் சூட்டையும் ஆழத்தையும் இவ்வளவு நுட்பமாக அளந்து எழுதிய பின்னரும், இந்நால்வரில் எவரிடமிருந்தும் பணம் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

நீரைவிட மோசமானது 'தி' என்னும் அற்பமான சொல். 'அவுட் ஆஃப் க்வெஸ்சன்' என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாதது என்று பழைய இலக்கண நூல்கள் சொல்லும். நடுவில் ஒரு 'தி' நுழைந்துவிட்டால் அதுவே நடக்கமுடியாத காரியமாகிவிடும். 'கோயிங் டு தி ஸீ' என்றால் கடற்கரைக்குப் போவது. 'தி'யை எடுத்துவிட்டால் கப்பலில் மாலுமியாகச் சேர்வது. எங்கள் ஆபீஸில் ஒருவர் திருச்செந்தூரில் கடலாடுவதற்கு லீவு கேட்டு, 'தி' இல்லாமல், குடும்பத்தோடு கடலுக்குப் போவதாக எழுதிவிட்டார். துரை அவரைக் கூப்பிட்டு, மாமியாரையும் மாலுமியாகச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்த கப்பல் எது என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். ரென்-மார்ட்டின் இலக்கணத்தைப் புரட்டினால் இதற்கு விதி கிடைக்கும், காரணம் கிடைக்காது. அந்த ரென் என்பவரே 'போ ஜெஸ்ட்' என்று பிரெஞ்சு அந்நியர் படையைப் பற்றிச் சாகஸ நாவல் எழுதிய மனிதர்; படைவீரனுக்குக் காரணம் சொல்லும் வழக்கம் ஏது?

சில ஜோடிகளில் பேதம் ஆங்கிலத்தில் இல்லை, ஊரில்தான் இருக்கிறது. 'பஸ்ஸைத் தவறவிட்டான்' என்றாலும் 'படகைத் தவறவிட்டான்' என்றாலும் ஆங்கிலேயனுக்கு வாய்ப்பு நழுவியது என்பதே பொருள். 1940 ஏப்ரல் 4-ஆம் தேதி, ஹிட்லர் பஸ்ஸைத் தவறவிட்டார் என்று பிரதம மந்திரி சேம்பர்லேன் பெருமிதத்தோடு பேசினார்; 9-ஆம் தேதி ஹிட்லர் நார்வேக்குள் புகுந்தார்; மே மாதத்தில் சேம்பர்லேன் பதவியிலிருந்து இறங்கினார். எங்கள் புதுக்கோட்டையில் பஸ்ஸைத் தவறவிட்டவன் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்வான். தூத்துக்குடியில் படகைத் தவறவிடுவதோ லேசான காரியமன்று. 1914-இல் தனுஷ்கோடி-தலைமன்னார் மார்க்கம் திறக்கப்படும் வரையில், கொழும்புக்குப் போகிறவர்கள் சென்னையிலிருந்து ரயிலில் இங்கே வந்துதான் கப்பலேறுவார்கள். கரையோரம் ஆழமில்லாமையால் கப்பல் சில மைலுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். அதுவரைக்கும் சிறு படகில் போகவேண்டும். ரயில், படகு, கப்பல் என்று மூன்றையும் அடுத்தடுத்துத் தவறவிடும் பாக்கியம் இந்தக் கரையில்தான் கிடைத்தது.

கயிற்றுக்கு வருகிறேன். 'த்ரீ ஷீட்ஸ் இன் தி விண்ட்' என்றால் நிறைகுடி என்று பொருள் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். ஷீட் என்பது எது என்பதில்தான் தகராறு. படுக்கைவிரிப்பு என்றது ஒரு கட்சி. கூரைத் தகரம் என்றது மற்றொன்று. தம்முடைய தோணிக்குக் காகிதம் வாங்க வந்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு முதிய தண்டல், கொழும்புத் துறையில் வெள்ளைக்கார மாலுமிகளோடு பழகியவர், சிரித்துவிட்டார்.

"ஷீட்டுன்னா பாயைப் பிடிச்சு இழுக்குற கயிறுல்லா, தம்பி! மூணு கயிறும் காத்தோட போயிட்டுன்னா, தோணி குடிகாரப்பய மாதிரிலா ஆடும்!"

அகராதியைத் திறந்து பார்த்தோம். தண்டல் சொன்னதே சரி. தலைமைக் குமாஸ்தாவுக்கு இது பொறுக்கவில்லை. "சரி அண்ணாச்சி, 'ஆன் தி ரோப்ஸ்'னா என்ன சொல்லும் பாப்போம்?" என்றார்.

"கயித்துமேல ஏறி நிக்கிறவன். நல்ல வேலைக்காரன்னு அர்த்தம்."

கயிறுகளைத் தெரிந்தவன் என்றால்தான் வேலை தெரிந்தவன் என்றும், கயிற்றின்மேல் இருப்பவன் என்பது குத்துச்சண்டை மேடையில் உதைபட்டு ஓரத்துக் கயிற்றில் சாய்ந்து கிடப்பவனைக் குறிக்கும் என்றும், தலைமைக் குமாஸ்தா வெற்றிப் புன்னகையோடு விவரித்தார். தண்டல் சிறிது யோசித்தார்.

"கரையில போடுற சண்டைக்கு எங்க கயிறு எதுக்கு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல், காகிதச் செலவில் ரெண்டு ரூபாய் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று தாம் வந்த விஷயத்துக்குத் திரும்பினார்.

"அவுட் ஆஃப் தி க்வெஸ்சன்!" என்றார் தலைமைக் குமாஸ்தா, 'தி'யை நன்றாக அழுத்தி.