நன்கொடை ஆற்றுப்படை: சில ஆய்வுக் குறிப்புகள்

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கொல்லிமலையில் ஏழு நாள் முகாம் போடுவதற்காக நாமக்கல் கடைத்தெருவில் நன்கொடை திரட்டுவது, தமிழ் ஆய்வுலகம் இன்னும் கண்டுகொள்ளாத துறை. முகாம் அறிக்கையில் மண்வெட்டி பிடித்தது பற்றிப் பக்கம் பக்கமாக வரும். ரசீதுப் புத்தகம் பிடித்தது பற்றி ஒரு வரி இராது. 1969இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு அரசு மானியம் உண்டுதான். அது சாம்பாரோடு நின்றுவிடும். அப்பளத்துக்கு ஊரைத்தான் நம்ப வேண்டும்.

இத்துறையின் மூலநூல்கள் சங்க இலக்கியத்திலேயே இருக்கின்றன என்பது நம் துணிபு. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், வழியில் கண்ட வறியவனை அதே வள்ளலிடம் அனுப்பி வைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து இவ்வகை. கடைத்தெருவில் இம்மரபு அழியவில்லை, சற்றே திரிந்திருக்கிறது. "நம்மகிட்ட என்ன இருக்குதுங்க தம்பி? எதுத்தாப்புல இரும்புக்கடைக்காரரப் போய்ப் பாருங்க, அள்ளிக் குடுப்பாரு." இரும்புக்கடைக்காரர் டயர்க்கடைக்கு வழி சொல்வார். டயர்க்கடைக்காரர் முதல் கடையைக் காட்டுவார். பெற்றவன் வழிகாட்டுவது போய், கொடுக்காதவன் வழிகாட்டும் இவ்வகைக்கு 'வட்ட ஆற்றுப்படை' எனப் பெயரிடுகிறோம். தொல்காப்பியர் இதற்கு விதி செய்யவில்லை. அவர் காலத்தில் டயர்க்கடை இல்லை.

கொல்லிமலையை ஆண்ட ஓரியிடம் கழைதின் யானையார் பாடிய புறநானூற்று 204ஆம் பாட்டு இன்னும் முக்கியமானது. பரிசில் கிடைக்காதவர்கள் வள்ளலைப் பழிக்க மாட்டார்கள், தாங்கள் புறப்பட்ட பொழுதையும் பறவைச் சகுனத்தையும்தான் நொந்துகொள்வார்கள் என்கிறார் புலவர். பறவை விஷயத்தில் சான்று போதவில்லை. பொழுது பற்றிச் சொன்னதைக் களஆய்வு அப்படியே உறுதி செய்கிறது. போணி ஆகும் முன் கேட்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது. வெள்ளிக்கிழமை என்றால் கூடவே லட்சுமியும் போய்விடுவாள். மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருப்பார். மிஞ்சுவது பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த நேரத்தில்தான் கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கிறார்கள்.

தொகை பெரும்பாலும் 101 ரூபாய். அந்த ஒற்றை ரூபாய் மொய்க் கணக்கிலிருந்து வந்தது. என்றாவது திரும்பி வரும் என்ற நம்பிக்கையின் மிச்சமாக இருக்கலாம். 101 கொடுத்தவர்தான் 80ஜி உண்டா என்று விசாரிப்பார். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடையாது என்பதையும் அவரே விளக்குவார். கல்லாமேல் நிற்கும் க்யூஆர் அட்டை வாங்குவதற்கு மட்டுமே என்பது தனியாக நிறுவத் தேவையில்லாத உண்மை.

பொருளாக வருவதுதான் ஆய்வாளனைத் திக்குமுக்காட வைக்கிறது. மலையில் குளிர் அதிகம், கம்பளி வேண்டும் என்று கேட்டால், நாமக்கல் வெயிலில் கம்பளி யாரிடம் இருக்கும்? வரவேற்புக்கு ஒருமுறை போட்ட மாப்பிள்ளைக் கோட்டுகள் வந்து குவியும். காட்டில் மிளகு பறிக்கிறவருக்கு அதை எப்படிக் கொடுப்பது என்று முகாம் அலுவலர் இரண்டு நாள் யோசிப்பார். பிறகு முட்டை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் கணக்குப் பார்க்காத வள்ளல்கள். முப்பது முட்டை கொண்ட அட்டைகளாக அடுக்கிவிடுவார்கள். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் எந்த அட்டை நழுவும் என்பதற்கு இன்றுவரை சூத்திரம் இல்லை. பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவர் சட்டையைப் பார்த்தால் ஓரளவு கணிக்கலாம்.

முகாம் முடிந்து இறங்கும்போது ஊர்க்காரர்கள் சும்மா அனுப்புவதில்லை. மலைவாழைத் தார்களும் மிளகுப் பொட்டலங்களும் வண்டியில் ஏறும். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஓரியின் மலை இன்னும் கொடுக்கிறது, ரசீது கேட்காமல். பொருளாளருக்குத்தான் சங்கடம். வரவில் எழுதினால் ரசீது எண் எங்கே என்பார்கள். செலவில் எழுத முடியாது. தணிக்கைக்கு முன்பே பழத்தைத் தின்று தீர்ப்பதென்று குழு ஒருமனதாக முடிவெடுத்தது. மிளகு பற்றிய விவாதம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.