பூண்டு ரொட்டியார்

மதுரை வட்டாரத்தில் ரொட்டி என்ற சொல்லுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பொருள், காய்ச்சல்காரரின் உணவு என்பதேயாகும். மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கச் செல்பவர் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் நான்கு சாத்துக்குடியும் இல்லாமல் போவது முறையன்று என்பதும், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர் அதே பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் எதிர்வீட்டார் "யாருக்கு உடம்புக்கு முடியல?" என்று விசாரிப்பார்கள் என்பதும் இவ்வூரின் எழுதப்படாத சட்டங்கள். தேநீர்க்கடைகளின் பன் பட்டர் ஜாமும், பரோட்டாக் கடைகளின் பன் பரோட்டாவும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அவை பன் என்று அழைக்கப்படுமேயன்றி ரொட்டி என்று அழைக்கப்படுவதில்லை. இந்தச் சொல் வழக்கையே மாற்றியமைப்பது தம் பிறவிப்பயன் என்று கருதி, அக்கினி நட்சத்திர வெயிலிலும் வீட்டுக்குள் மின்னடுப்பை மூட்டி, பூண்டு வெண்ணெய் தடவிய மெத்தென்ற ரொட்டி உருண்டைகளைத் தம் கையாலேயே சுட்டெடுக்கும் ஒரு வகையினர் அண்மைக்காலத்தில் தோன்றியிருக்கின்றனர். வசதி கருதி, அவ்வகையினரைப் பூண்டு ரொட்டியார் என்று ஒருமையில் வழங்கலாம்.

இவ்வகையின் தோற்றத்தை ஆராய்வோர் 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாளைத் தொடக்கமாகக் கொள்வது பொருந்தும். நாடு தழுவிய ஊரடங்கு அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பாயிற்று. கள்ளழகரும் வைகையில் இறங்கவில்லை. இவற்றையெல்லாம் கண்ணீரோடு தாங்கிக்கொண்டவர்களால், இரவு பத்து மணிக்கு மேல் கொத்துப் பரோட்டாவின் தாளம் தெருவில் கேட்காமல் போனதை மட்டும் தாங்க இயலவில்லை. வீட்டில் மைதா இருந்தது, கைபேசியில் செய்முறைக் காணொளிகள் இருந்தன, நேரமோ வேண்டிய மட்டும் இருந்தது. கடைகள் மீண்டும் திறந்தபோது இவர்களுள் பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டனர். திரும்பாமல் எஞ்சியவரே நமது ரொட்டியார். பூண்டு ரொட்டி அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் சமையலில் வளர்ந்ததென்றும், 1996ஆம் ஆண்டில் இந்தியாவில் கடை விரித்த அமெரிக்கப் பீட்சா நிறுவனங்கள் வழியாக நம்மவருக்கு அறிமுகமானதென்றும் அவர் விருந்தினருக்கு விளக்குவார். ரொட்டி அடுப்புக்குள் இருக்கும் இருபது நிமிடமும் விருந்தினர் எழுந்து போக முடியாது என்பதால், இவ்விளக்கத்துக்கு ஒருபோதும் இடையூறு நேர்ந்ததில்லை.

அண்ணா நகர், கே.கே. நகர், எஸ்.எஸ். காலனி, திருநகர் முதலிய பகுதிகளில் காணப்படும் இவர், பெரும்பாலும் நாற்பதைத் தொட்ட ஆடவர். வங்கியிலோ கல்லூரியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ பணிபுரிபவர். அதுவரை வெந்நீர் வைக்கவும் அடுப்படிக்குள் நுழைந்தறியாதவர். ஆகவே கைப்பதம், கண்ணளவு என்பனவற்றில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு, மாவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி, ஓ.டி.ஜி. எனப்படும் மின்னடுப்புப் பெட்டி ஆகிய மூன்றும் அவருடைய ஆயுதங்கள். மைதாவை நூறு பங்காக வைத்து மற்றப் பொருள்கள் அனைத்தையும் அதன் விழுக்காடாகக் கணக்கிடுவது ரொட்டித் தொழிலின் உலகப் பொது வழக்கம் என்பதால், அவர் வீட்டில் 300 கிராம் மைதாவுக்கு 195 கிராம் பால், 30 கிராம் வெண்ணெய், 15 கிராம் சர்க்கரை, 6 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட் என்று அளந்தெடுக்கப்படும். "அறுபத்தஞ்சு பர்சன்ட் ஹைட்ரேஷன்" என்று அவர் பெருமிதத்தோடு கூறும்போது, மாவின் எடையில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு திரவம் சேர்ந்திருக்கிறது என்பதே பொருள். "சப்பாத்தி மாவ விடக் கொஞ்சம் தளர்வா இருக்கணும், அவ்வளவுதானே?" என்று அவர் மனைவி அதையே ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது அவருக்கு உவப்பானதன்று.

பிசைதலில்தான் ரொட்டியாரின் முதல் துன்பம் தொடங்குகிறது. மைதாவில் உள்ள புரதங்கள் நீர் பட்டு ஒன்றோடொன்று பிணைந்து உருவாக்கும் மீள்தன்மையுள்ள வலைக்குக் குளூட்டன் என்று பெயர். ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவை அடைத்துவைத்து மாவைப் பொங்கச் செய்வது இந்த வலையே. வலை முற்றியதா என்பதை அறிய, சிறு மாவுத் துண்டைக் கிழியாமல் இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, மறுபக்கம் மங்கலாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சன்னல் சோதனை என்று இதைச் சொல்லலாம். ரொட்டியார் நெல்லிக்காயளவு மாவைக் குழல்விளக்கின் கீழ் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நிற்கும் அதே மாலைப்பொழுதில், தெருமுனைக் கடையின் பரோட்டா மாஸ்டர், எண்ணெயில் ஊறிய உருண்டையை எடுத்து இரண்டு வீச்சு வீசி, மேசையின் சலவைக்கல் நிறம் தெரியும்படி விரித்துவிட்டு, வாடிக்கையாளரிடம் சால்னா வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்பார். சன்னல் சோதனையை ஒரு நாளைக்குப் பலநூறு முறை செய்பவருக்கு அதற்கொரு பெயர் உண்டென்பது தெரியாது. பெயரைத் தெரிந்தவருக்கோ மாவு கிழிந்துவிடுகிறது.

மென்மையை நீடிக்கச் செய்ய ரொட்டியார் கையாளும் உத்தி ஒன்றும் குறிப்பிடத்தக்கது. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கரைத்து, ஏறத்தாழ 65 டிகிரி செல்சியசுக்குச் சூடேறும் வரை கிண்டினால், மாவிலுள்ள மாச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது. இக்கூழைச் சேர்த்துப் பிசைந்த ரொட்டி ஈரத்தை இழக்காமல் மறுநாளும் மெத்தென்று இருக்கும். கிழக்காசிய ரொட்டிக்காரர்களிடமிருந்து உலகெங்கும் பரவிய இம்முறைக்குத் தாங்சோங் என்று பெயர். இப்பெயரை ரொட்டியார் முதன்முதலில் உச்சரித்த நாளில், அடுப்படி வாசலில் அமர்ந்திருந்த அப்பத்தா பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, எந்தச் செவுத்துல போஸ்டர் ஒட்டப் போற?" என்று கேட்டதாக இத்தகைய வீடு ஒவ்வொன்றிலும் ஒரு வரலாறு உண்டு. காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் சுவரொட்டி அடிக்கும் ஊரில், மைதாவை நீரில் கரைத்துக் காய்ச்சிய பசையைத் தெரியாதவர் எவருமிலர். அறிவியல் நோக்கில் அப்பத்தா கூறியதில் பிழையேதும் இல்லை என்பதால் ரொட்டியார் அதற்கு மறுமொழி கூறுவதில்லை.

ஈஸ்ட் என்பது ஒரு செல் உயிரியான பூஞ்சை. சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சிறிது சாராயத்தையும் வெளியிடுவது. இளஞ்சூட்டில் அது சுறுசுறுப்பாக இயங்கும். 60 டிகிரியை நெருங்கினால் மடிந்துபோகும். ரொட்டியார் பின்பற்றும் செய்முறைகளோ பெரும்பாலும் பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணிநேரம் வைக்குமாறு அவை அறிவுறுத்துகின்றன. வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரை மாதத்து மதுரையில் வெதுவெதுப்பான இடத்தைத் தேட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே அங்குக் கையைச் சுடும். ஆயினும் நூலை மீறக் கூடாது என்னும் கொள்கையினால், தம் முதல் ஆண்டில் ரொட்டியார் மின்னடுப்பைச் சற்றே சூடாக்கி அதற்குள் மாவை வைத்தார். அரைமணி நேரத்தில் மாவு பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி, முக்கால் மணி நேரத்தில் களைத்து நடுவில் குழிந்து, வீடெங்கும் கள்ளுக்கடை வாடையைப் பரப்பியது. அன்றிலிருந்து அவர் குளிர்ந்த பாலில் மாவு பிசைகிறார். இரண்டாம் ஆண்டில் அதைக் குளிர்பெட்டியில் இராமுழுதும் மெல்லப் பொங்கவிடவும் கற்றுக்கொண்டார். வெயில் காலத்தில் இட்லிக்கு ஆட்டும்போது கிரைண்டரில் ஐஸ் தண்ணீர் விடுவதும், ஆட்டிய மாவைப் பொழுதோடு குளிர்பெட்டியில் எடுத்துவைப்பதும் அதே அடுப்படியில் ஆண்டுக்கணக்காக நடந்துவருபவை. ஆனால் அவை காணொளியில் வராதவையாதலால் அவர் அறிவுக்கு எட்டவில்லை.

முறைப்படி மாவு இருமுறை பொங்க வேண்டும். பிசைந்தவுடன் மொத்தமாகப் பொங்குவது முதற்பொங்கல். பின்னர் காற்றை அமுக்கி வெளியேற்றி, தலா 60 கிராம் வீதம் ஒன்பது உருண்டைகளாக்கித் தட்டில் அடுக்கியபின் தனித்தனியே பொங்குவது இரண்டாம் பொங்கல். தை மாதத்தைப் போலவே இங்கும் மூன்றாவதொரு பொங்கல் உண்டு. தட்டைச் சன்னலோரம் வைத்து நிழற்படம் எடுத்து உற்றார் உறவினர் அனைவருக்கும் அனுப்பும் அச்சடங்கைக் காணும் பொங்கல் எனலாம். இது நிறைவேறும் வரை வீட்டில் எவரும் ரொட்டியைத் தொடக் கூடாது.

பூண்டைப் பொறுத்தவரை ரொட்டியார் சமரசம் அறியாதவர். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது என்பதை அவர் தம் வீட்டுத் திருமண நாளைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார். நல்ல பூண்டு வேண்டுமென்று தேனிப் பக்கம் வடுகபட்டிச் சந்தை வரை வண்டியோட்டிச் சென்று, பன்னிரண்டு பல்லுக்காக இரண்டு கிலோ வாங்கி வந்தவரும் உண்டு. பூண்டை நசுக்கும்போதுதான் அதன் காரமணத்துக்குக் காரணமான அல்லிசின் உண்டாகிறது. ஆகையால் நசுக்கிச் சிறிது நேரம் விட்டுவைப்பார். நுண்ணுயிர்களை அடக்கும் இயல்பு பச்சைப் பூண்டுக்கு உண்டு. அதனை அள்ளி மாவில் கலந்தால் ஈஸ்டின் வேகம் குறையும் என்பதால், ஊத்துக்குளி வெண்ணெயில் இளஞ்சூட்டில் வதக்கி, கொத்துமல்லித் தழை தூவி, மேலே தடவுவதோடு நிறுத்திக்கொள்வார். அதிலும் பாதியை அடுப்பில் வைக்குமுன்னும், எஞ்சியதை வெளியே எடுத்தபின்னும் தடவுவார். பூண்டு கருகினால் கசக்கும் என்னும் இந்த உண்மையைக் கண்டறிவதற்கு அவர் பலியிட்ட உருண்டைகள் முப்பத்தாறு.

அடுப்பை 190 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டை உள்ளே தள்ளியபின் பதினெட்டு முதல் இருபது நிமிடம் வரை வீட்டில் பேச்சு குறையும். கூடத்து மின்விசிறி சுழல்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மின்சாரம் போய் அது நின்றால் ரொட்டியும் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதிக்கு எந்த நாளில் என்னும் நாளிதழ்ச் செய்தியை, இராசிபலனுக்கு முன்னர்ப் படிக்கும் ஒரே குடிமகன் அவரே. நடுப்பகுதி 90 டிகிரியைக் கடந்ததை வெப்பமானி காட்டியதும் தட்டு வெளியே வரும். பொன்னிற மேல்தோல், விரல் வைத்தால் அமுங்கி மீளும் உடல், பிய்க்கும்போது நூல் நூலாகப் பிரியும் உள்பகுதி, கூடத்தைத் தாண்டி மாடிப்படி வரை இறங்கும் வெண்ணெய்ப் பூண்டு மணம் ஆகிய நான்கும் ஒருசேர அமையும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் அவரைப் பழிப்பது அறமாகாது. அவர் உண்மையாகவே நல்ல ரொட்டி சுடுபவர். அடுப்படி மேடையில் பரவிக் கிடக்கும் பதினேழு பாத்திரங்களைக் கழுவுவது யார் என்ற ஒன்று மட்டுமே அவருடைய அறிவியலுக்குள் அடங்காத வினா.

சுட்டதைப் பங்கிடும்போதுதான் பழைய சட்டம் மீண்டும் தலைகாட்டுகிறது. ஒரு டப்பாவில் நான்கு உருண்டைகளை வைத்து மாடி வீட்டு அத்தையிடம் கொடுத்தால், மணத்தை நுகர்வதற்கு முன்பே அவர் முகம் வாடி, "என்னப்பா ரொட்டி… வீட்ல யாருக்கு முடியல?" என்கிறார். மூத்த மாமா ஒருவர், மைதா உடம்புக்கு எத்துணைத் தீங்கானது என்பதை விரிவாக எடுத்துரைத்து டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டு, இரவில் இரண்டு பன் பரோட்டாவை முடித்துவிட்டுத் திரும்புகிறார். குழந்தைகள் மட்டுமே கேள்வி கேட்காமல் உண்கின்றனர். அவர்களும் தொட்டுக்கொள்ளச் சால்னா இருக்கிறதா என்று கேட்கையில் ரொட்டியாரின் உள்ளம் புண்படுகிறது. சால்னாவில் தொட்டால் அந்த உருண்டை வேறொரு பிறவி எடுக்கிறது என்பதை, எவரும் பார்க்காத ஒரு நள்ளிரவில் அவரும் கண்டறிந்தே இருக்கிறார். அதை வெளியில் சொல்வதில்லை.

இறுதியாக, மழைக்காலத்தில் எல்லாருக்கும் வருவதுபோல் ரொட்டியாருக்கும் ஒருநாள் காய்ச்சல் வரும். குளிர்பெட்டியில் ஆறு பூண்டு உருண்டைகள் இருக்கும். வெண்ணெயும் பூண்டும் காய்ச்சல்காரருக்கு ஆகாது என்று அப்பத்தா அவற்றைத் தொடவிடமாட்டார். தெருக்கடையிலிருந்து ஒரு பாக்கெட் வரும். பஞ்சு என்றும், உப்புசப்பற்ற பண்டம் என்றும் ஐந்தாண்டுகளாக அவர் இகழ்ந்துவந்த அந்த ரொட்டியைச் சுடுபாலில் நனைத்து ஊட்டினால், இரண்டு துண்டு வரை மறுபேச்சில்லாமல் விழுங்குவார். மூன்றாவது துண்டைக் கையில் வாங்கி, விரலால் அமுக்கி, அது மீள்வதைக் கூர்ந்து பார்த்து, "இதுக்கு எவ்வளவு ஹைட்ரேஷன் வச்சிருப்பாங்க?" என்று அவர் மெல்ல முனகும்போது, அப்பத்தா நெற்றியைத் தொட்டுப் பாராமலே எழுந்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அடுப்படிக்குச் சொல்லப் போவார்.