பலகையைக் கழற்றாத விருந்தாளி

திருப்பூரில் ஆர்டர் வந்ததும் ‘பவர்டேபிள்’ எனும் தையல் காண்டிராக்டர் காலிக் கொட்டகையொன்றைப் பிடித்துப் பெயர்ப்பலகை மாட்டுவதும், சீசன் தீர்ந்ததும் பலகையை மறந்து பிரஸ்தானம் செய்வதும் லோகப் பிரசித்தம். அவ்வண்ணமே, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் பிரவேசிக்கும் மாட்யூல் என்னும் நிரல்துண்டும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே தன் அமைப்பு மாறிகளைச் ‘சிஸ்சிடிஎல்’ விருட்சத்தில் பதிவுசெய்து, அவற்றைக் கோப்புகளாகக் காட்சியளிக்க வைக்கிறது. விடைபெறுகையில் பதிவை நீக்காமல் போனாலோ, பிற்பாடு அக்கோப்பைப் படிக்க வரும் அப்பாவி, விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் கால்வைத்துக் கர்னலையே மூர்ச்சையாக்கும் பாக்கியத்தை அடையக்கூடும். முறைப்படி நீக்கும்போது மட்டும், உள்ளே படித்துக்கொண்டிருப்பவர் முடிக்கும்வரை கர்னல் பொறுமையுடன் காத்திருக்கிறது. இத்தகைய தாட்சண்யத்தை நம் கட்டட உரிமையாளர்களிடம் நான் கண்டதில்லை. ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளமோ, 2000-ஆம் ஆண்டின் 4.2 பதிப்பிலிருந்தே, சேர்த்தவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் குறித்துவைத்து மொத்தமாக நீக்க வழிசெய்திருக்கிறது. திருப்பூரின் காதர்பேட்டைக்கு அந்த ஏற்பாடு வந்துசேர அவகாசமாகும்.