ஆணியடியான்

நாயன்மார் பட்டியலில் விடுபட்ட பெயர் போலத் தோன்றினாலும் இவன் நம் காலத்து ஆள். வேளச்சேரி, தாம்பரம், பொத்தேரி என்று கல்லூரிப் பேருந்து நிற்கிற இடமெல்லாம், மாணவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு ஒருவன் வீதம் இருக்கிறான். 'அடியான்' என்பதற்குத் தொண்டன் என்று பொருள் கொள்ள வேண்டாம். வாரான், போகான் என்பது போல அடியான். சுவரில் ஆணி அடிக்கவே மாட்டான். ஆனால் கூட இருந்து பார்த்தவர்களைக் கேட்டால் முதல் பொருளும் தப்பில்லை என்பார்கள்.

எங்கள் ஆணியடியான், வேளச்சேரியில் நாங்கள் நால்வர் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோன அன்றே வெளிப்பட்டான். வாடகை 20 ஆயிரம். அட்வான்ஸ் பத்து மாதம், அதாவது 2 லட்சம். தலைக்கு 50 ஆயிரம். என் பங்குக்காக அம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போயிருந்தது. இதை ஒரு பலவீனமான நேரத்தில் அவனிடம் சொல்லிவிட்டேன். அன்று முதல் நான் ஹாலில் எங்கே சாய்ந்தாலும், "மச்சி, அது உங்க அம்மா வளையல். எண்ணெய்த் தலையை எடு" என்பான்.

தமிழ்நாட்டில் 2017இல் ஒரு வாடகைச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. கூடவே, 'வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய' என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. சென்னை மொத்தமும் அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறது. ஆணியடியான் இதை வரி விடாமல் படித்து வைத்திருந்தான். ஓனரைப் பார்த்ததும் கேட்டேவிட்டான்: "அங்கிள், மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

ஓனர் கீழ்வீட்டில் இருந்தார். அசைவம் சமைக்கக் கூடாது, ஒன்பதரைக்கு மேல் கேட் பூட்டிவிடும், மாடியில் கூட்டம் சேரக் கூடாது என்பதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தவர், கடைசி நிபந்தனைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க, தம்பி."

ஆணியடியான் கண்கள் பளபளத்தன. பிறவிப் பயனை அடைந்தவன் மாதிரி தலையாட்டினான்.

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் கைப்பேசியை எடுத்து வீடு முழுக்கப் படம் பிடித்தான். குளியலறை டைல்ஸில் ஒரு கீறல், சமையலறைக் கதவில் கரையான் அரித்த மூலை, ஃபேன் மூன்று, டியூப் லைட் நான்கு. பின்னணியில் அவன் குரல், போஸ்ட்மார்ட்டம் செய்கிற டாக்டர் தொனியில்: "வடக்குச் சுவர், ஜன்னலுக்கு இடது பக்கம், ஏற்கெனவே ஓட்டை, ஒன்று." கடைசியாக, பழைய குடித்தனக்காரர்கள் விட்டுப்போன ஆணிகளை எண்ணினான். ஏழு.

ஏழு ஆணி, நாலு பேர். பாகப்பிரிவினை இரவு பதினோரு மணி வரை நடந்தது. ஹாலில் இருந்த இரண்டும் பொது. ஒன்றில் கடிகாரம், இன்னொன்றில் பாளையங்கோட்டைக்காரனின் அம்மா கொடுத்தனுப்பிய முருகன் காலண்டர். ஆளுக்கு ஒன்று போக, ஏழாவது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், கதவைச் சாத்தினால் மட்டும் தெரிகிற இடத்தில் இருந்தது. அதில் வாடகை அக்ரிமென்டை பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிட்டான். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்த ஆணி, சமையலறை வாசலில், முழங்கால் உயரத்தில். அந்த உயரத்தில் யார், எதற்காக அடித்தார்களோ! துடைப்பத்துக்கு மட்டுமே உதவியது.

இனி அலங்காரம். ஹால் சுவர் டிஸ்டெம்பர். அதில் டேப் ஒட்டினால் பசை பொடியைத்தான் பிடிக்குமே தவிர சுவரைப் பிடிக்காது. ராத்திரி இரண்டு மணிக்குப் படம் தொப்பென்று விழும். படுக்கையறை எமல்ஷன். அங்கே நேர்மாறு. நுரை டேப் ஒட்டினால் உயிரே போனாலும் விடாது. பிய்த்தால் பெயின்ட், பட்டியோடு பாளம் பாளமாக வரும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, பசை இளகியதும், வெளிப்பக்கமாக இழுக்காமல் சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். மிச்சப் பிசுக்கு டைல்ஸில் இருந்தால் தேங்காய் எண்ணெய் போடலாம். சுவரில் போட்டால் எண்ணெயே தனிக் கறை. இதையெல்லாம் அவன் நாடி பிடிக்கிற வைத்தியர் போல, சுவரை விரலால் ஒருமுறை தேய்த்து, விரலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான்.

ஆகவே எங்கள் வீட்டில் எதுவும் சுவரில் இல்லை. எல்லாம் சுவருக்குப் பக்கத்தில் இருந்தன. போஸ்டர்கள் அட்டையில் ஒட்டப்பட்டு அலமாரியில் நின்றன. ரிச்சி தெருவில் வாங்கிய சீரியல் செட் ஜன்னல் கம்பியைச் சுற்றிக்கொண்டது. கோடவுன் தெருவில் மீட்டர் கணக்கில் வாங்கிய நீலத் துணி, லாஃப்ட் விளிம்பில் கல் வைத்து அழுத்தப்பட்டு, தரை வரை திரை போல இறங்கியது. மணிபிளான்ட் ஒரு பாட்டிலில் வளர்ந்தது. "என்ன பாட்டில் தம்பி அது?" என்று ஓனர் வீட்டு ஆன்ட்டி கேட்டபோது, "தேன் பாட்டில் ஆன்ட்டி" என்றான். வீடு அழகாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கல்யாணப் பந்தல் மாதிரி, அரை மணி நேரத்தில் அவிழ்த்துவிடக்கூடிய அழகு.

சத்தத்தையும் அவனே பார்த்துக்கொண்டான். ஒருநாள் டீக்கு இஞ்சி இடித்தபோது ஓனர் நாலு படி ஏறி, "யாருப்பா ஆணி அடிக்கிறது?" என்றார். "இஞ்சி தட்டறோம் அங்கிள்!" என்று ஓடிப்போய்க் காட்டினான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இஞ்சி துருவப்பட்டது.

குற்றம் செய்தவன் நான்தான். தீபாவளிக்கு நாகர்கோவிலுக்கு ரயிலில் இடம் கிடைக்காமல் தனியாக மாட்டிக்கொண்டேன். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைப்பத்துக்குப் பக்கத்தில் மாட்டிக் குனிந்து குனிந்து தலை சீவி வெறுத்திருந்த நேரம். பட்டாசு வெடிக்க அரசாங்கம் அனுமதித்தது காலையில் ஒரு மணி நேரம், மாலை 7 முதல் 8 வரை ஒரு மணி நேரம். சரியாக ஏழரைக்கு, தெருவில் சரவெடி பற்றியதும், இஞ்சி உலக்கையை ஓங்கினேன். இரண்டு அடி சரத்தோடு சேர்ந்து போனது. மூன்றாவது அடி விழும்போது சரம் முடிந்திருந்தது. ஓனர் வரவில்லை. ஆனால் நடுவில் ஓட்டையோடு, மெதுவடை அளவுக்குக் காரை பெயர்ந்து கையில் வந்தது.

ஊரிலிருந்து திரும்பிய ஆணியடியான் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் உட்காருவது போல உட்கார்ந்தான். டூத்பேஸ்ட் வைத்து அடைக்கலாம் என்றேன்; அது ஊசி ஓட்டைக்கு ஆகும், வடை ஓட்டைக்கு ஆகாது என்றான். வெள்ளை சிமென்ட் வாங்கிவந்தோம். சுவரோ இளமஞ்சள். எங்களில் கெமிக்கல் என்ஜினீயரிங் படித்தவன், "சிம்பிள்டா" என்று சிமென்டில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கலந்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்தப் பாட்டிக்கும் தெரியும். சிமென்டும் அந்த விஷயத்தில் சுண்ணாம்புக்கு உறவு. ஏழாவது செமஸ்டர் வரை அவனுக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை போல. சுவரில் வட்டமாக, செக்கச் செவேலென்று காய்ந்தது.

ஆணியடியான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சந்தனம் குழைத்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். கீழே அலமாரியில் ஊதுவத்தி ஸ்டாண்டு. சிவப்பு வெளுக்கத் தொடங்கியதும் வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைத்துப் புதுப்பித்தான்.

பதினோராவது மாதம் காலி செய்தோம். துணி இறங்கியது, பல்புகள் சுருண்டன, பந்தல் பிரிந்தது. ஓனரும் ஆன்ட்டியும் மேலே வந்தார்கள். ஆன்ட்டி குங்குமத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, "பக்தியான பசங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஓனர் மட்டும் நீலத் துணி இருந்த சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். அங்கே கதவு அகலத்துக்கு ஒரு நீள்சதுரம் பளிச்சென்று தெரிந்தது.

"என்ன தம்பி, இங்க மட்டும் கலர் போயிருக்கு?"

"அங்கிள், இங்க போகல. மத்த இடத்துலதான்…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பதினோரு மாதக் கொசுவத்திப் புகை மற்ற சுவர் முழுக்கப் படிந்திருந்தது. துணிக்குப் பின்னால் இருந்த இடம் மட்டுமே சுத்தம். அதை விளக்கப்போனால் நாலு சுவரும் எங்கள் கணக்கில் விழும். "துணி பட்டுப்பட்டு வெளுத்துருக்கும் அங்கிள்" என்று, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

அந்தக் கறைக்கு 2 ஆயிரம். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை. "அது எப்பவும் பிடிக்கறதுதான் தம்பி, அக்ரிமென்ட்லயே இருக்கு." இருந்தது; கதவுக்குப் பின்னால், ஏழாவது ஆணியில், பதினோரு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணியடியான் முதல் நாள் எடுத்த வீடியோவைக் காட்டப் பார்த்தான். ஓனர், கண்ணாடி கீழே இருக்கிறது என்றார்.

நாங்கள் மூட்டையோடு வெளியேறும்போது அடுத்த செட் பையன்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். உள்ளே ஓனரின் குரல் தாழ்ந்தது. அவர்களில் ஒல்லியான ஒருவன் மட்டும் தனியாக விலகி, கைப்பேசியை உயர்த்தி, உதடு அசைய எண்ண ஆரம்பித்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு… ஆறோடு நிறுத்திவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான்.

எங்கள் ஆள் படியிலிருந்து திரும்பி வந்தான்.

"பெட்ரூம் கதவைச் சாத்திப் பாரு, தம்பி. அங்க இன்னொண்ணு இருக்கு."