மூன்று பேர், ஒரே விலை

அப்பா தஞ்சாவூர் கோர்ட்டில் வக்கீல். 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. குத்தகை பாக்கி என்று மிராசுதார் ரெவின்யூ கோர்ட்டுக்குப் போவார். சாகுபடிக்காரருக்காக அப்பா வாய்தா வாங்குவார். வாய்தா வாங்கத் தெரிந்தவரே கெட்டிக்கார வக்கீல் என்ற காலம். பீஸ் அறுவடைக்குப் பிறகு மூட்டையாக வரும். தோற்ற கட்சிக்காரரும் பொங்கலுக்குப் பச்சரிசி அனுப்பத் தவறியதில்லை.

நான் ஏகபோகத் தடைச் சட்டத்தில் இறங்கப்போகிறேன் என்றதும் அப்பாவின் குமாஸ்தா, "அதுக்கு எத்தனை கட்சிக்காரன் தம்பி வருவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1969-இல் வந்த அந்தச் சட்டத்தின் கமிஷன், தப்புச் செய்த கம்பெனியைக் கூப்பிட்டு, இனி செய்யாதே என்று உத்தரவு போட்டு அனுப்பிவிடும். செய்த தப்புக்கு அபராதம் போட அதற்கு அதிகாரம் கிடையாது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகூட மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய்ச் செலவாவது கட்டச் சொல்லும்.

பாடத்தை நான் ஏற்கெனவே களத்திலேயே படித்திருந்தேன். நெல் தூற்றும்போது ஒரு வியாபாரி காலையில் வருவார், இன்னொருவர் உச்சிவேளையில், மூன்றாமவர் வெயில் தாழ. மூவர் வாயிலும் ஒரே விலை. "பேசி வச்சுக்கிட்டு வர்றானுவோ" என்பார் சித்தப்பா. விசாரணை, வாதம், தீர்ப்பு எல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். பிறகு சாக்கு எடுக்கப் போய்விடுவார், அதே விலைக்கு அளப்பதற்கு.

இப்போது அதே வரியை எழுத எங்களுக்கு ஆயிரக்கணக்கான பக்கம் வேண்டியிருக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வழக்கைத்தான் பாருங்களேன். கிடங்கில் தானிய மூட்டைகளுக்கு வண்டு வராமல் வைக்கும் மாத்திரை; டெல்டாக்காரனுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதை வாங்க இந்திய உணவுக் கழகம் 2009 மே 8-ஆம் தேதி டெண்டர் விட்டது. புதிய போட்டிச் சட்டத்தின் கூட்டுச்சதிப் பிரிவு அமலுக்கு வந்தது மே 20. டெண்டர் போடக் கடைசி நாள் மே 30. மூன்று கம்பெனிகள் போட்டன. மூன்றும் கிலோவுக்கு 388 ரூபாய்.

டெண்டர் விட்டபோது சட்டமே அமலில் இல்லையே என்று வாதிட்டார்கள். விற்பவர்கள் நாலைந்து பேர்தான், விலை ஒத்துப்போவது இயல்பு என்றும் வாதிட்டார்கள். அருமையான வாதங்கள். களத்துக்கு வந்த மூன்று வியாபாரிகளுக்கு இப்படியொரு சீனியர் வாய்க்கவில்லை. 2012-இல் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. யுனைடெட் பாஸ்பரஸ் என்ற கம்பெனிக்கு மட்டும் 252 கோடி ரூபாய். மேல்முறையீட்டில், மொத்த வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த மாத்திரை விற்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டதில் அது ஏழு கோடிக்கும் கீழே வந்தது. 2017-இல் உச்ச நீதிமன்றமும், கூட்டு உண்மைதான், ஆனால் மாத்திரைக் கணக்கே சரி என்றது. சித்தப்பாவின் தீர்ப்பு ஊர்ஜிதமாக எட்டு வருஷம். அதன்பின் 2023-இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, உலகம் முழுக்க நடக்கும் வியாபாரத்தையும் அபராதக் கணக்கில் சேர்த்தது. எங்கள் தொழிலில் அறுவடை எந்த மாதம் என்று யாரும் கேட்பதில்லை.

வாய்தாவுக்கும் காலம் கெட்டுவிட்டது. 2015-இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது ஒரு கோடி ரூபாய்த் தகராறுக்குத்தான் அங்கே இடம். 2018-இல் மூன்று லட்சம் போதும் என்றார்கள். பிரதிவாதி 120 நாளுக்குள் பதிலுரை போடாவிட்டால் அந்த உரிமையே போச்சு. அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால், 120 நாளில் வக்காலத்துக் காகிதம்கூட மஞ்சளாகாதே என்றிருப்பார்.

கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் தாய்மாமா மகனுக்கு, ஒரு மொத்த வியாபாரி நாலு லட்சம் பாக்கி. வணிக நீதிமன்றத்துக்கே போகலாம், அவசரத் தடை கேட்கும் வழக்காக இல்லாவிட்டால் முதலில் கட்டாயமாகச் சமரசப் பேச்சு நடக்க வேண்டும் என்று விளக்கினேன். அவன் யோசித்தான்.

"மாப்ளே, மூணு வருஷமா டீக்கடையில உக்காந்து அதைத்தானே பேசிக்கிட்டிருக்கோம். அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்களா?"