பொம்மைத் தணிக்கையாளர்

நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. துவாக்குடிப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் தரக்கட்டுப்பாட்டு வேலை, இல்லையென்றால் வீட்டிலிருந்தபடியே பெங்களூருக்கு மென்பொருள். குடியிருப்பு ஸ்ரீரங்கம் அல்லது திருவானைக்காவல். பாலம் தாண்டினால் தில்லைநகர். கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பள்ளிக்கூடப் பரிசுக்கோப்பையும் ஆக்ராவில் வாங்கிய தாஜ்மகாலும் இருக்கும். இவர் வீட்டில் ஆறங்குல உயரத்தில் விண்வெளிக் கூலிப்படையினர், பாதி உடம்பு இரும்பாகிப்போன போலீஸ்காரர், கருப்புத் தலைக்கவசமும் அங்கியும் போட்ட வில்லன். "குழந்தைக்கு வாங்கினதா?" என்று விருந்தாளி கேட்டுவிட்டால் அன்றைக்குக் காபி வர நேரமாகும். வீட்டில் குழந்தை உண்டு. அதற்கு அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாது. இவரைப் பொம்மைத் தணிக்கையாளர் என்று அழைப்பதில் தவறில்லை. பொம்மை வாங்குவது இவருக்குச் சில்லறை வேலை. அதைத் தரம் பார்ப்பதுதான் உத்தியோகம்.

பார்சல் வந்ததும் தணிக்கை தொடங்கும். முதலில் பெட்டியின் நாலு மூலைகளும் தடவிப் பார்க்கப்படும். ஒரு மூலை நசுங்கியிருந்தால் கூரியர்க்காரரின் வம்சம் வரை விசாரணை போகும். பிறகு கைப்பேசி டார்ச்சைப் பொம்மையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கருவிழி நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பார். அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் பேரண்டத்தைக் காக்கவந்த வீரனுக்கு ஒன்றரைக் கண். காதுக்குப் பின்னால் நகத்தை ஓட்டி, அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் கோடு தட்டுகிறதா என்று தேடுவார். இடுப்புப் பட்டையின் சாயம் கால்சட்டைக்குள் இறங்கியிருக்கிறதா, முழங்கால் ஆணியின் நிறம் தொடையின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்பது அடுத்து. முழங்கையை மடக்கினால் கை தோளைத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஒரு மதிப்பெண் போயிற்று. கடைசியாக, ஒற்றைக்காலில் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பொம்மை விழாவிட்டால் பத்துக்கு எட்டரை, விழுந்தால் ஏழரை. அதற்குக் கீழே போடும் வழக்கமில்லை. இவ்வளவு செலவழித்து வாங்கிய பொருளுக்கு ஐந்து போட்டால் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

இதைப் பார்க்கிற பெரியவர்கள் அமெரிக்க வியாதி என்கிறார்கள். நோய்க்கிருமி அங்கிருந்து வந்ததென்பது உண்மைதான். ஆனால் நோயாளியின் உடல்வாகு முழுக்க முழுக்க உள்ளூர். புரட்டாசி பிறந்ததும் சிங்காரத்தோப்புப் பூம்புகாரில் கொலு பொம்மைகள் வந்திறங்கும்போது அங்கே போய் அரை மணி நேரம் நின்றால் சாட்சியம் கிடைக்கும். தசாவதார செட்டைக் கையில் எடுக்கிற ஸ்ரீரங்கத்து மாமி அதன் முகத்தை முதலில் பார்ப்பதில்லை. தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார்: களிமண்ணா, காகிதக்கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசி ஏமாற்றுகிறார்களா? சுட்ட மண் என்றால் விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பார். விரிசல் இருந்தால் ஓசை சொல்லிவிடும். பத்து அவதாரங்களையும் வரிசையாக வைத்து உயரம் ஒத்துப்போகிறதா என்று குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பரசுராமர் கோடரியின் காம்பு தனியாகச் செருகியதா, சேர்த்து வார்த்ததா என்று ஆட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் கண். "நரசிம்மருக்குக் கோபம் வரலையே, தூக்கக் கலக்கமாட்டம்னா இருக்கு" என்று சொல்லி அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கேட்பார். தணிக்கையாளர் டார்ச்சடித்துப் போடுகிற அட்டவணையில் இதற்கு மேல் எதுவும் இல்லை. மாமி மதிப்பெண் போடுவதில்லை, பேரம் பேசுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

கொலுவோடு இது நின்றுவிடவும் இல்லை. மூட்டு அசைவை நுட்பமாகப் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதென்று யாரும் சொல்ல முடியாது. நம்பெருமாள் புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்கிகள் எடுத்துவைக்கிற அடியில் சிம்ம கதி எது, சர்ப்ப கதி எது என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடியவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர் இது. கோயில்களுக்குள்ளே நடையழகுக்கென்று பெயர் வாங்கியதும் திருவரங்கம்தான். சேஷராயர் மண்டபத்துக்குப் போனால் முன்னங்கால்களை உயரத் தூக்கிப் பாயும் குதிரைகளும், ஈட்டியோடு அவற்றின் மேல் இருக்கும் வீரர்களும் கல்லில் நிற்கிறார்கள். நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட அந்த வேலையைத் தணிக்கையாளர் பார்த்தால், "போஸ் அபாரம், ஆனால் ஸ்டாண்ட் தெரிகிறது" என்றுதான் சொல்வார். சிற்பி தூணையே ஸ்டாண்டாக்கிக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தூண் மண்டபக் கூரையையும் சேர்த்துத் தாங்குகிறது. எந்த விண்வெளி வீரனுக்கும் அந்தக் கூடுதல் பொறுப்பு தரப்பட்டதில்லை. கோயிலை விட்டு ஊரின் கிழக்கே வந்தால் பெல் கொதிகலன் ஆலை, அதைச் சுற்றித் துவாக்குடிப் பட்டறைகள். வெல்டிங் பற்றில் மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில். பகலெல்லாம் கொதிகலன் குழாயின் ஒட்டைத் தேடுகிறவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரோபோவின் தோள்பட்டை ஒட்டைத் தேடினால் அதில் அதிசயமென்ன?

சுவாமியையும் பிளாஸ்டிக் பொம்மையையும் ஒரே வாயால் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் ஒப்பிடுவது வழிபடு பொருளை அல்ல, பார்க்கிறவரின் கண்ணை. யாரும் நேரில் பார்த்திராத ஒன்றுக்கு, "இப்படித்தான் இருக்கும், அப்படி இருக்காது" என்று அடித்துச் சொல்கிற துணிச்சல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மச்சாவதாரத்தை யார் பார்த்தார்கள்? ஆனாலும் மீசை தப்பு என்று சொல்ல மாமிக்குத் தயக்கமில்லை. இதற்கு நடுநிலையான சோதனை ஒன்று உண்டு. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் படைத்தார். எழுத்தில் பிறந்த நாய். நாளைக்கே யாராவது அதை ஆறங்குலத்தில் வார்த்து ராஜகோபுரத்தடியில் விற்பனைக்கு வைத்தால் சித்திரை வீதியும் உத்திர வீதியும் திரண்டுவந்து, "ஜீனோவுக்குக் காது இப்படியா இருக்கும்?" என்று கேட்கும். எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டால் நாலு வீதிகளிலிருந்தும் நாலு பதில் வரும். தணிக்கையாளர் அதில் ஐந்தாவது பதிலோடு, கையில் அளவுகோலும் எடுத்துக்கொண்டு வருவார்.

இன்னொரு ஆட்சேபம் கலைப்பிரியர்களுடையது. கொலு பொம்மை கைவேலை, இது ஆலைச் சரக்கு, இரண்டுக்கும் தரம் என்ற ஒரே சொல் எப்படிப் பொருந்தும் என்பது அவர்கள் கேள்வி. கொலு பொம்மையும் பெரும்பாலும் அச்சில்தான் பிறக்கிறது என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். பண்ருட்டியானாலும் மதுரை விளாச்சேரியானாலும் அச்சு ஒன்று, பொம்மை நூறு; கை வேலை செய்வது பூச்சிலும் கண் திறப்பதிலும். ஆலைப் பொம்மையிலும் தரம் ஏறுவதும் இறங்குவதும் அதே இடங்களில்தான். மூட்டு விஷயத்தில் நம் பக்கம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளவும் இடமிருக்கிறது. 1978இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம் விற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூன்றேமுக்கால் அங்குலம். கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு என்று ஐந்தே அசைவு. இங்கிருந்து ஒன்றேகால் மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் தஞ்சாவூரின் நாட்டியப் பொம்மைக்குப் பாவாடை, இடுப்பு, மார்பு, தலை என்று தனித்தனிப் பாகங்கள், ஒன்றின்மேல் ஒன்று கம்பி முனையில் தொங்கும். மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். தணிக்கையாளர் இதற்கு மதிப்பெண் போட மறுக்கிறார். காரணம் கேட்டால், "போஸில் நிற்கமாட்டேன் என்கிறது" என்கிறார். ஆடுகிற பொம்மையை ஆடுவதற்காகக் கோபித்துக்கொள்கிற முதல் ரசிகர் இவராகத்தான் இருப்பார்.

ஆலையின் பிழை ரசிகரின் பொக்கிஷமாவதும் உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் உரிமம் பெற்று இந்தியாவில் ஜி.ஐ.ஜோ வீரர்களை வார்த்தது. அமெரிக்காவில் காட்டுப் பச்சையில் பதுங்கிய வீரன் இங்கே கல்யாண வீட்டுப் பந்தல் நிறத்தில் வந்து நின்றான். ஒருவன் தலை இன்னொருவன் உடம்பில் ஏறியதும் நடந்தது. பின்னாளில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த விசித்திர நிறங்களைத் தேடி அலைந்தார்கள். சின்ன வயதில் அவற்றைக் கடித்து, மண்ணில் புதைத்து, காவிரியில் விட்ட நம் தணிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய சோகம் இல்லை. போலிச் சரக்கைப் பற்றி இவர் பேசுவதும் இந்த ஊருக்கே உரிய தொனியில்தான். செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிப் பெயர் வாங்கிய திருச்சியில் போலி என்பதே வசவாகிவிடாது. நல்ல போலி, மட்டமான போலி என்று இரண்டு சாதி உண்டு. சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியபிறகு நல்ல போலியின் மேல் இவருக்குக் கரிசனம் கூடியிருப்பதாகக் கேள்வி.

இதுவரை தணிக்கையாளருக்காக வாதாடியாயிற்று. ஓர் இடத்தில் மட்டும் அவரைக் கைவிட வேண்டியிருக்கிறது. அவர் எதையும் இரண்டாக வாங்குகிறார்: ஒன்று திறக்க, ஒன்று திறக்காமல் வைக்க. திறக்காததுதான் உயர்ந்த சரக்கு என்பது அவர் மதம். மூட்டைப் பார்க்காமல், பூச்சைத் தடவாமல், நிற்குமா விழுமா என்று தெரியாமல் ஒரு பொருளுக்குப் பத்துக்குப் பத்து போடுவது எந்தத் தரக்கட்டுப்பாட்டில் சேர்த்தி? இந்தப் பித்தத்துக்குப் பரம்பரைக் காரணமும் இருக்கிறது. 1977 கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகள் தயாராகாததால் கென்னர் நிறுவனம் கடைகளில் ஓர் அட்டை உறையையும் உள்ளே ஒரு சான்றிதழையும் விற்றது. அதை அனுப்பியவர்களுக்கு அடுத்த ஆண்டு தபாலில் நாலு பொம்மைகள் வந்தன. வெறும் அட்டையை விலை கொடுத்து வாங்கித் தொடங்கிய சேகரிப்பு, அட்டையைக் கும்பிடுவதில் வந்து நிற்பதில் வியப்பில்லை.

பெட்டியைத் திறந்தால் விலை பாதியாகும் என்பார் அவர். ஆகட்டும், அது சந்தை நிலவரம், தரம் அல்ல. அதோடு பெட்டி காப்பாற்றும் என்ற நம்பிக்கையைத் திருச்சி வெயில் மதிப்பதில்லை. மிருதுவான பி.வி.சி.யில் கலந்திருக்கும் நெகிழ்விப்பான் நாளடைவில் மேலே கசிந்து பொம்மை பிசுபிசுக்கும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அது போக வழியின்றி அங்கேயே படியும். சித்திரைச் சூட்டில் மெல்லிய கணுக்கால் இளகிப் பேரரசின் படைத்தளபதி வடகிழக்காகச் சாய்வார். 1982இல் வந்த ஜி.ஐ.ஜோவின் மேலுடம்பையும் கீழுடம்பையும் பிடித்துவைத்திருப்பது உள்ளே ஒரு ரப்பர் வளையம்; அது இற்றுவிட்டால் சீல் உடையாத பெட்டிக்குள்ளேயே வீரன் இரண்டாகிக் கிடப்பான், விலை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மாமியின் முறையில் இந்த ஆபத்து இல்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் போட்டதை ஆண்டுக்கொரு முறை இறக்கி, துடைத்து, மூக்கு உடைந்திருந்தால் ஒட்டி, சாயம் போயிருந்தால் பூசி, படியில் ஏற்றுகிறார். ஐம்பது ஆண்டு ஐம்பது தடவை தணிக்கையான பொம்மை அது. தாத்தா வாங்கிய செட்டியார் பொம்மையின் தரத்துக்கு இதைவிட நம்பகமான சான்றிதழ் எந்தப் பெட்டிமேலும் ஒட்டப்பட்டதில்லை.

அட்டவணையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. நவராத்திரிக்கு அலமாரியிலிருந்து ஒரு பொம்மைக்குக் கொலுவில் இடம் கேட்கும்போது அது வெளிப்படும். கருப்புத் தலைக்கவச வில்லனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கிற அம்மா, "என்னடா இது, மூஞ்சில களையே இல்லையே" என்பார். "அது ஹெல்மெட்மா." "ஹெல்மெட் போட்டா களை இருக்கப்படாதா?" சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அம்மா கேட்டது சரியான கேள்வி. ஒரே தலைக்கவசத்தை இரண்டு நிறுவனங்கள் ஒரே அளவில் வார்க்கும்போது ஒன்று பயமுறுத்துவதும் மற்றொன்று வாளி கவிழ்த்ததாகத் தெரிவதும் மூட்டாலும் பூச்சாலும் அல்ல. தலை எந்தக் கோணத்தில் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதால். தணிக்கையாளரும் மனசுக்குள் இதை வைத்துத்தான் வாங்குகிறார். மதிப்பெண் போடத் தெரியாததால் அதற்கு அட்டவணையில் கட்டம் ஒதுக்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகு வில்லனுக்குப் படியில் இடம் மறுக்கப்பட்டு, கீழே தரையில் மண் கொட்டி முளைப்பயிர் விட்ட பார்க்கில், ஊஞ்சலுக்குப் பக்கத்தில் காவல்காரர் வேலை கிடைக்கும். அங்கேயும் அளவு பொருந்தவில்லை, ஊஞ்சல் பெரிதாக இருக்கிறது என்று தணிக்கையாளர் மனுப் போடுவார். யானையைவிடச் செட்டியார் பெரிதாக உட்கார்ந்திருக்கும் கொலுவில் அந்த மனு எடுபடாது.