மழைக்காலச் சைக்கிளோட்டியின் அரிப்பும் அதன் திசைகளும்: கூடுவாஞ்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

மழையில் சைக்கிள் மிதித்து வீடு சேர்ந்தவரிடம் உடம்பில் எங்கே அரிக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும். அவர் எந்தச் சாலையில், எந்தத் திசையில், எப்படிப்பட்ட சைக்கிளில் வந்தார் என்று சொல்லிவிடலாம். இதுவே இக்கட்டுரையின் துணிபு. தோல் மருத்துவர்கள் சாலையைப் பார்ப்பதில்லை, நெடுஞ்சாலைத் துறையினர் தோலைப் பார்ப்பதில்லை. அதனால் இத்துறை இதுநாள்வரை ஆளில்லாமல் கிடந்தது.

முதலில் ஆய்வுக்களம். செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி ஆனது 2021இல். மாவட்டமும் நகராட்சியும் இளையவை; ஏரிகள் அப்படியல்ல. நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர் என்று ஏரிகள் நிரம்பி, அடையாற்றை நோக்கி நீர் இறங்கும் வழியெல்லாம் இப்போது நகர்கள். தன் வழியில் வீடு முளைத்துவிட்டதால் நீர் நம் வழியில் நடக்கிறது. 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாட்கள் நம் ஆய்வில் சேரா. அன்று தேவைப்பட்டது படகு.

இனி ஒரு தடையை நீக்க வேண்டும். “கூடுவாஞ்சேரியில குளிரா?” என்று கொடைக்கானல்காரர் சிரிப்பார். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரில். சாதாரண மார்கழி விடியலில் அது இருபது, இருபத்தொன்றை ஒட்டியே நிற்கும். காற்றடித்தால் குளிர் எவ்வளவு கூடுகிறது என்று அளந்து சொன்னவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அண்டார்க்டிகாவில் தண்ணீர் உறைவதைக் காத்திருந்து பார்த்து, 1945இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதைத் திருத்தி 2001இல் வந்த சூத்திரம் 10 டிகிரிக்கு மேல் செல்லாது. ஆகவே, விதிப்படி கூடுவாஞ்சேரியில் குளிர்காற்று என்ற ஒன்றே கிடையாது.

விதி தோலுக்குத் தெரியாது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது 580 கலோரி அளவுக்கு வெப்பத்தை உருவிக்கொண்டு போகும். இந்த இரண்டோடு, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் தன் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார் சைக்கிளோட்டி. ஒரே மழையில் பஸ் ஸ்டாப்பில் நனைந்து நிற்பவர் “புழுக்கமா இருக்குல்ல?” என்கிறார்; அவரைக் கடந்து போகிறவருக்குப் பல் கிட்டுகிறது. கூடுவாஞ்சேரியின் குளிர் வானத்திலிருந்து வருவதன்று. மிதித்து வரவழைப்பது.

இப்படிக் குளிர்ந்த தோலில் சிலருக்குத் தடிப்புகள் எழும். ஊர்வழக்கில் காணாக்கடி. எதுவும் கடித்திருக்காது, கடித்தது போலவே இருக்கும். தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் குளிருக்கு வெகுண்டு ஹிஸ்டமினைக் கொட்டிவிட, ரத்தக்குழாய்கள் கசிந்து, சிவந்த வீக்கம் மேலெழுகிறது. தோலைக் கீறினால் முதலில் கோடு சிவந்து, பிறகு சுற்றிலும் சிவப்பு படர்ந்து, கடைசியில் தடிப்பு எழும்புவதை லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் உட்கார்ந்து கவனித்தார். 1927இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நம் ஆய்வை வேலையற்ற வேலை என்பவர்கள் இந்த முன்னுதாரணத்தை நினைவில் கொள்க. குளிர்த் தடிப்பைக் கண்டறியும் சோதனையும் எளிது: பனிக்கட்டியை முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வைத்த இடம் மீண்டும் சூடேறும்போது அங்கே ஒரு மேடு எழுந்தால் சந்தேகமில்லை. (டிசம்பர் மழையில் ஜூஸ் கடையில் போய் ஐஸ் மட்டும் கேட்பவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது தனி ஆய்வு.)

‘மீண்டும் சூடேறும்போது’ என்பதில்தான் நூற்றாண்டு கால அநீதி ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் நனையும்போது அரிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, தலை துவட்டி, உலர்ந்த லுங்கிக்கு மாறி, சூடான சோற்றின் முன் உட்காரும்போதுதான் தொடங்கும். அப்போது தட்டில் என்ன இருக்கிறதோ அதுவே குற்றவாளி. “கத்தரிக்காய் வேணாம்னு அப்பவே சொன்னேன்” என்று அடுக்களையிலிருந்து தீர்ப்பு வரும். கருவாடு இருந்தால் விசாரணையே கிடையாது. கரப்பான் பண்டங்கள் என்று ஒரு பட்டியல் நம்மிடம் பரம்பரையாக உண்டு. அதில் கத்தரிக்காய் உண்டு, கருவாடு உண்டு, ஊர் வழியே ஓடும் ஜி.எஸ்.டி. சாலை இல்லை. 4448 நோய்களை எண்ணி வைத்த சித்த மருத்துவத்தின் தேசிய நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில், சைக்கிள் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கத்தரிக்காயின் மேல்முறையீட்டை அங்கே தாக்கல் செய்யலாம்.

வேடிக்கைக்கு நடுவே ஒன்று. உதடோ நாக்கோ வீங்கினாலும், தொண்டை அடைத்தாலும், தலை சுற்றினாலும் அதற்குமேல் ஆய்வு செய்யாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளிர்த் தடிப்பு உள்ளவர்கள் குளிர்ந்த நீரில் உடல் முழுதும் முங்கினால் மயங்கி விழும் அபாயம் உண்டு. மாமல்லபுரம்வரை மிதித்துப் போய்க் கடலில் குதிக்கும் ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் கவனிக்க.

இப்போது திசைகளுக்கு வருவோம். வடகிழக்குப் பருவக்காற்று பெயருக்கேற்ப வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையோ இங்கே ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. காலையில் மறைமலைநகர் ஷிஃப்டுக்குத் தெற்கே போகிறவருக்குக் காற்று முதுகில். அது அவர் மிதித்து உண்டாக்கும் எதிர்க்காற்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவதால் அவர் அரிப்பின்றி வேலைக்குச் சேர்கிறார். மாலையில் அதே மனிதர் வடக்கே திரும்புகையில் இரண்டு காற்றும் ஒன்றுசேர்ந்து முகத்திலும் முன்கைகளிலும் அறைகின்றன. ஆக, முன்கையில் தடிப்பு என்றால் வேலை முடிந்து வருகிறார் என்று பொருள். சம்பளத்துக்கு வெளியே கிடைப்பது.

கெண்டைக்கால் இன்னும் தெளிவான சாட்சி. நாம் இடப்பக்கம் போகிறோம். பஸ்ஸும் லாரியும் தேங்கிய நீரை இறைத்தபடி வலப்பக்கம் நம்மை முந்துகின்றன. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு அரசு விரைவுப் பேருந்துகள் இச்சேவையைத் தாராளமாகச் செய்கின்றன. அவை வாரியடிக்கும் நீரில் டீசல் உண்டு, சாக்கடை உண்டு, கட்டுமானத் தெருக்களிலிருந்து கரைந்து வரும் சிமென்ட்டும் உண்டு. சிமென்ட்டின் காரம் தோலுக்கு ஆகாது. இந்த அரிப்பு வலது கெண்டைக்காலில் வரும். குளிர்த் தடிப்பு ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும், இது அடங்காமல் செதில் செதிலாக நிற்கும்.

முதுகுத்தண்டு நெடுகச் சேற்றுக்கோடும் அதன்மேல் பொரிப்பொரியாக அரிப்பும் கண்டால் அது மட்கார்டு இல்லாத கியர் சைக்கிள். அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸை ஓட்டுபவர் முதுகு காட்டி நிற்கலாம். அது சுத்தமாக இருக்கும். விலை ஏற ஏற மட்கார்டு மறைவது ஏன் என்பதற்குப் பொருளாதார வல்லுநர்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

கால்விரல் இடுக்கு, குறிப்பாகக் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே, வெளுத்து ஊறி எரிந்தால் அவர் மகாலட்சுமி நகர்ப் பக்கம் தேங்கிய தண்ணீரில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர். சேற்றுப்புண். நாற்று நட்டவர்களின் நோய் இப்போது அடுக்ககங்களுக்குக் குடிவந்திருக்கிறது. மருதாணி அரைத்துப் பூசும் வைத்தியமும் கூடவே வந்திருக்கிறது. விரலிடுக்கைத் துடைத்து உலர வைப்பது அதைவிட மலிவு. அதே தண்ணீரில் எலிக்காய்ச்சலும் மிதக்கும் என்பதால், காலில் வெட்டுக்காயத்தோடு அதில் இறங்கவே கூடாது.

தொடையிடுக்கைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் ஆய்வு என்று வந்தபின் விலக்கு இல்லை. நனைந்த சீட் ஒரு பஞ்சுபோல் நீரை வைத்திருந்து, உட்கார்ந்ததும் திருப்பித் தருகிறது. முன்பெல்லாம் சீட்டுக்கு ஒரு கேரி பேக் மாட்டிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை. தடை நல்லதே, தொடைதான் விலை கொடுத்தது. ஈரத்தோடு உராய்ந்த இடத்தில் படர்தாமரை வரும். வந்தவர் வெட்கப்பட்டு டாக்டரிடம் காட்டாமல் மெடிக்கல் ஷாப்பில் தாழ்ந்த குரலில் ஒரு கிரீம் கேட்பார். ஸ்டீராய்டு கலந்த கிரீம் கிடைக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை அடங்காது. எதிர்ப்பில்லாத நிலத்தில் அது வளையம் வளையமாக விரியும். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் உத்தரவிட்டது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று ஒரு பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் என்ற முதன்மை மருந்துக்கே பல நேரம் மசியாத இனம். இந்தியாவில் அது பரவியதில் அந்தத் தாழ்ந்த குரலுக்கும் பங்கு உண்டு.

துணிபுக்கு ஒரே ஒரு சோதனை ஏற்பட்டது. எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வரும் பெரியவர் ஒருவருக்குத் தடிப்பு இடது கெண்டைக்காலில். மட்கார்டு உள்ள சைக்கிள், தினமும் ஜி.எஸ்.டி. சாலை, வேறு வழியும் இல்லை. கோட்பாடு ஆட்டம் கண்டது. பலவாறு வினவியபின் உண்மை வந்தது: சாலை நடுவே தடுப்புச் சுவர், அடுத்த யூ-டர்ன் வெகுதூரம். “அம்மாம் தூரம் யார் சுத்துறது தம்பி?” என்று அவர் தினமும் எதிர்த்திசையில் ஓரமாக வருகிறார். வண்டிகள் அவருக்கு இடப்பக்கமாகப் போகின்றன. இதைப் போக்குவரத்து போலீசாருக்கு எழுதினால் மழைக்காலத்தில் கேமராவே வேண்டாம், ஓரமாக நிறுத்திக் காலைப் பார்த்தால் போதும் என்று ஆர்வத்தில் அவரிடமே சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து அவர் பேன்ட் போட்டுக்கொண்டு வருகிறார்.